பால்வாடியும் கம்பெனி பஸ்ஸும்

எம்.ஏ. பொருளாதாரத்தில் நான் வகுப்பில் முதல், அவள் இரண்டாவது. எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு ஆம்பூரில் குடியிருந்தோம். இருவருக்கும் தனியார் பள்ளியில் வேலை. தொண்ணூறுகளின் கடைசியில் சென்னையிலிருந்து ஓர் ஆராய்ச்சி நிறுவனம், ஷூ கம்பெனிகளில் பெண்கள் ஏன் நிலைப்பதில்லை என்று ஆராய உள்ளூர் ஆய்வாளர் தேடியது. இருவரும் நேர்காணலுக்குப் போனோம். அவளை எடுத்துக்கொண்டார்கள்.

"நல்லது" என்றேன். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

பேரணாம்பட்டுப் பக்கத்துக் கிராமங்களில் சுற்றிவிட்டு வந்து, சாப்பிடும்போது எல்லாவற்றையும் சொல்வாள். காது கொடுக்காததுபோல் கேட்டுக்கொண்டிருப்பேன். ஒருநாள் பொறுக்காமல் சொன்னேன்: "பால்வாடி எப்பத் திறக்கறாங்க, கம்பெனி பஸ் எப்ப வருதுன்னு கேட்டுப் பாரு."

முடிவில் வேலூரில் ஒரு கலந்துரையாடல் வைத்தார்கள். முதலாளிகள், சங்கத்துக்காரர்கள், அரசு அதிகாரிகள் எல்லாரும் வந்திருந்தார்கள். வாசலில் பெயர் எழுதிக்கொண்டிருந்தவர் என்னை யாரென்று கேட்டார். "எங்க வீட்டுக்காரர்" என்றாள் அவள். கடைசி வரிசையில் இடம் கிடைத்தது.

அவள் பேசி முடித்ததும் மேல்விஷாரத்து முதலாளி ஒருவர் எழுந்தார். "கல்யாணம் ஆனா அதுங்களே நின்னுடுதுங்கம்மா. நாங்க இன்னா பண்றது?"

அவள் தடுமாறவேண்டும் என்று நினைத்தேன். தடுமாறவில்லை.

"கல்யாணத்துக்கு நிக்கல சார், குழந்தை பொறந்தாதான் நிக்கறாங்க. பால்வாடி திறக்கறதுக்குள்ள உங்க பஸ் போய்டுது. குழந்தைய யாருகிட்ட விட்டுட்டு வருவாங்க?"

ஓர் அதிகாரி பக்கத்திலிருந்தவரிடம் குறித்துக்கொள்ளச் சொன்னார். பிறகு கைதட்டல். நானும் தட்டினேன், கொஞ்சம் தாமதமாக.

திரும்பும்போது பஸ்ஸில் அவளே ஆரம்பித்தாள். "பால்வாடி விஷயம் நீ சொன்னதுன்னு சொல்லியிருக்கணும். பதட்டத்துல விட்டுட்டேன்."

"பரவால்ல" என்றேன். வேண்டுமென்றே மறைத்திருந்தால் கோபித்துக்கொள்ளவாவது முடிந்திருக்கும்.

அடுத்த வருடம் ஒரு கம்பெனி தன் வளாகத்திலேயே குழந்தைகளுக்கு அறை ஒதுக்கியது. அவளுக்கு நிறுவனத்தில் வேலை நிரந்தரமாகி, வாரத்தில் பாதி நாள் சென்னையில் இருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

"பாலாத்து ஓரத்துக் கிணறுங்க பத்தி அடுத்த ஆய்வு. ஆள் எடுக்கறாங்க, வர்றியா?"

"உனக்குக் கீழயா?"

"ஆமா, எனக்குக் கீழதான்."

இரண்டு நாள் அவளோடு சரியாகப் பேசவில்லை. மூன்றாவது நாள் விண்ணப்பம் போட்டேன். விடுமுறைகளில் நிலத்துக்காரர்களைப் பார்த்து, தோல் தொழிற்சாலைக் கழிவால் தண்ணீர் உப்பாகிப் போன பிறகு என்ன பயிர் வைக்கிறார்கள் என்று கேட்டு அலைந்தேன். அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. அதை அவளிடம் சொல்லவில்லை.

அறிக்கை அச்சாகி வந்தபோது இருவர் பெயரும் அட்டையில் இருந்தன. பக்கத்து வீட்டுக்காரரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மேடம் பெரிய ஆளாய்ட்டாங்க சார்" என்றார்.