நான் மூடிய கால்விரல்கள்

உழவு இயந்திரத்திலிருந்து விழுந்து கால் முறிந்த என் மனைவிக்கு, ஆஸ்பத்திரியில் பிளாஸ்டர் கட்டுப் போட்டு விரல்களை மட்டும் வெளியே விட்டிருந்தார்கள். வீட்டில் நுளம்புக்கும் மலேரியாவுக்கும் பயந்து, நான் அவற்றையும் பழஞ்சாரத் துணித் துண்டால் பொத்திக் கட்டினேன்.

மறுநாள் காலை, "இஞ்சருங்கோ, காலுக்குள்ள நெருப்பு எரியுது" என்றாள்.

"முறிஞ்ச கால் நோகாமல் பாட்டே பாடும்? பொறுமப்பா."

மத்தியானம், "இப்ப நோவில்லை. விரலே இல்லாத மாதிரிக் கிடக்கு" என்றாள்.

துணியை அவிழ்த்தேன். விரல்கள் நாவற்பழ நிறம்; தொட்டால் கிணற்றுக் கல்லின் குளிர். அவளை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். டொக்டர் கட்டைப் பிளந்தபடியே கேட்டார்: "கட்டு இறுகி இரத்தம் ஓடேல்லை; இதைப் பாக்கத்தானே விரலை வெளியில விட்டது. எப்ப இருந்து நீலம்?"

நான் எங்கே கண்டேன்? மூடியவன் நான்தானே.

கால் தப்பியது, இரண்டு விரல்களில் இன்னும் உணர்வில்லை. இப்போது ஊரில் யாருக்குக் கட்டுப் போட்டாலும், சுகம் கேட்க முதல் குனிந்து கால்விரல் நகத்தை வெளுக்க அமர்த்தி, விட்டுப் பார்க்கிறேன். சிவப்புத் திரும்பும்வரை எனக்கு மூச்சு வருவதில்லை.