மக்டலின் சிஸ்டரின் மாற்றுப் பட்டியல்

பாலையூற்றிலிருந்து காலை பஸ்ஸில் வந்து இறங்கும் மக்டலின், துறைமுகத்தை அண்டிய அந்தச் சிறிய மிஷன் ஆஸ்பத்திரியின் தலைமை நேர்ஸ். பதினொரு வருடமாக ஒரு நாள்கூடச் சுகவீன லீவு எடுத்ததில்லை. புதிதாக வரும் நேர்ஸ்மாருக்குப் பொறுப்பு டொக்டர் கனகசுந்தரம் அவளைத்தான் காட்டுவார். "இவவைப் பார்த்துப் பழகுங்கோ." அதைக் கேட்க அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. தலையிடித்தால் இரண்டு டிஸ்பிரின். காய்ச்சலென்றால் அதோடு ஒரு கோப்பை கொத்தமல்லித் தண்ணீர். கஞ்சி போட்ட சீருடையை உடுத்திக்கொண்டால் உடம்பு தானாக நிமிர்ந்துவிடும் என்று நம்பினாள்.

அறுபத்துமூன்றாம் ஆண்டு மார்கழியில் ஒரு காலை உடம்பு அனலாய்க் கொதித்தது. வழக்கம்போல வந்தாள். தோப்பூரிலிருந்து காற்புண்ணோடு வந்து படுத்திருந்த அலியாருக்கு இன்சுலின் போடவேண்டும். மருந்தை ஊசியில் இழுத்துக்கொண்டு கட்டிலருகே போனபோது, பின்னால் நின்ற இளம் நேர்ஸ் ஜெஸீமா மெல்ல அவள் கையைத் தொட்டாள்.

"சிஸ்டர், அலியார் காக்காவுக்குப் பதினாறு யூனிட்தான். நீங்கள் முப்பத்திரண்டு எடுத்திருக்கிறீங்கள்."

மக்டலின் ஊசியைப் பார்த்தாள். கோடுகள் இரண்டிரண்டாகத் தெரிந்தன. ஊசியை ஜெஸீமாவிடம் கொடுத்துவிட்டு நேரே டொக்டரின் அறைக்குப் போனாள்.

"டொக்டர், இண்டைக்கு நான் ஒரு மனுசனைச் சாக்காட்டியிருப்பன்."

அவர் முழுவதையும் கேட்டார். "ஒண்டும் நடக்கேல்லைத்தானே. போய்ப் படுங்கோ."

"நான் படுத்தால் வாட்டில கிடக்கிற சனத்தைப் பாக்கிறது ஆர்?"

அவர் வாசலுக்கு ஆள் அனுப்பினார். இரவு வேலை முடித்துப் புறப்பட்ட நேர்ஸ் சீலாவையே மறித்து நிற்பாட்டினார்கள்.

மூன்று நாள் படுக்கையில் கிடந்தபோது மக்டலினுக்கு அந்தச் சீலாவின் முகம்தான் கண்ணுக்குள் நின்றது. வேலைக்குத் திரும்பியதும் நேர்ஸ்மாரை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டாள். கேட்கக் கேட்கத்தான் வெளியே வந்தது. போன மாதம் வயிற்றோட்டத்தோடு பிள்ளைகள் வாட்டில் நின்றவள் ஜெஸீமா. அந்தக் கிழமை அங்கே கிடந்த ஐந்து பிள்ளைகளுக்கும் அதே வயிற்றோட்ட வருத்தம்.

"ஏன் சொல்லேல்லை?"

"நான் போனால் சீலா அக்காவைத்தான் திரும்பக் கூப்பிடுவினம். அவவின்ர பிள்ளைக்கும் சுகமில்லை. எனக்கு மனம் வரேல்லை சிஸ்டர்."

ஒருத்தி மேலுள்ள இரக்கத்தில் மற்றவள் வருத்தத்தை மறைக்கிறாள். புத்தி சொல்லி இதை மாற்ற ஏலாது, ஆள் வேண்டும் என்று மக்டலின் கண்டுகொண்டாள். கலியாணத்தோடு வேலையை விட்ட நேர்ஸ்மார் நகரத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று விசாரித்தாள். ஞாயிறு பூசை முடிந்ததும் வீடு வீடாக நடந்தாள். முதலில் இராசமலரின் வீடு.

"ஆறு வருசமா ஊசி பிடிக்கேல்லை. கை மறந்திருக்கும்" என்றாள் இராசமலர்.

"ஒரு கிழமை வந்து என்னோட நில்லும். கைக்கு எல்லாம் ஞாபகம் வரும்."

இப்படி, யாருக்கும் சுகமில்லாமல் போனால் வந்து நிற்க ஐந்து பேர் சம்மதித்தார்கள். அவர்கள் பெயர்களைப் பட்டியலாக எழுதிக்கொண்டாள். டொக்டர்தான் சம்மதிக்கவில்லை. "லீவு லேசாக் கிடைச்சால் ஆளுக்கொரு காய்ச்சல் வரும், சிஸ்டர்."

"இப்பவும் வருது டொக்டர். மறைக்கிறம், அவ்வளவுதான். மூண்டு மாசம் தாங்கோ."

கொடுத்தார். மக்டலின் வகுத்த சட்டம் இதுதான். வேலை தொடங்கும்போதே பொறுப்பாளர் எல்லாரையும் விசாரிக்க வேண்டும். காய்ச்சலோ வயிற்றோட்டமோ இருந்தால் வீட்டுக்கு அனுப்ப வேண்டும். மாற்று ஆளைக் கூப்பிடுவது ஆஸ்பத்திரியின் பாடு. வருத்தக்காரி யாரிடமும் கெஞ்சத் தேவையில்லை.

இந்தச் சட்டத்துக்குப் பணிவது எல்லாரையும்விட மக்டலினுக்குத்தான் கஷ்டமாக இருந்தது. இரண்டாம் மாதம் தொண்டை நோவோடு வந்தவளுக்கு முன்னால், அன்று பொறுப்பில் இருந்த ஜெஸீமா வெப்பமானியோடு நின்றாள்.

"வாயைத் திறவுங்கோ சிஸ்டர்."

நூற்றொன்று காட்டியது.

"லேசான காய்ச்சல்தான்."

"போன கிழமை நானும் இதைத்தான் சொன்னனான். நீங்கள் என்னை வீட்டை அனுப்பினீங்கள்."

மக்டலின் பையை எடுத்துக்கொண்டு பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தாள். தான் போட்ட சட்டமே தன்னை மறித்துவிட்டது. ஆனாலும் வழியெல்லாம் சிரிப்பு வந்தது.

மூன்று மாதம் முடிய, லீவு நாட்கள் கூடித்தான் இருந்தன. அதை அவள் ஒளிக்கவில்லை. ஆனால் பிள்ளைகள் வாட்டில் வருத்தம் பரவவில்லை, ஒருத்திகூட இரட்டை வேலை செய்யவில்லை. டொக்டர் பதிவுகளை இரண்டு தரம் பார்த்துவிட்டு, "நடத்துங்கோ" என்றார்.

அறுபத்தொன்பதில் ஊரெங்கும் சளிக்காய்ச்சல் அடித்தது. ஒரே கிழமையில் ஆறு நேர்ஸ்மார் படுத்துவிட்டார்கள். இராசமலரும் மற்ற நால்வரும் வந்து நின்றார்கள். ஒரு வாட்டுக்கூட மூடப்படவில்லை. அந்தக் கிழமையில்தான் ஒரு காலை டொக்டர் கனகசுந்தரம் இருமிக்கொண்டே வந்தார். வாசலில் மக்டலின் கையை நீட்டி மறித்தாள்.

"டொக்டர், உங்களுக்கும் அதே சட்டம்தான்."

"உள்ளுக்கு நாப்பது பேர் கிடக்கினம், சிஸ்டர்."

"உங்களுக்குப் பதிலா வரச்சொல்லி டொக்டர் இக்னேசியஸுக்கு ஆள் அனுப்பியாச்சு. உங்கட காரையும் திருப்பி நிற்பாட்டச் சொல்லியிருக்கிறன்."

கட்டில்களில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவருக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்போடு இருமலும் வந்தது. பிறகு வெள்ளைக் கோட்டைக் கழற்றி அவள் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போனார். நேர்ஸ்மார் அறையில் அன்று முழுவதும் அதே கதைதான்.

எழுபத்தொன்பதில் மக்டலின் ஓய்வு பெற்றபோது பட்டியலில் பதினான்கு பெயர்கள் இருந்தன. வேறு ஊர் ஆஸ்பத்திரிகளிலிருந்து நேர்ஸ்மார் இந்த ஒழுங்கைக் கேட்டறிய அவள் வீட்டுக்கே வருவார்கள். வந்தவர்களிடம் அவள் முதலில் கேட்பது ஒன்றுதான்.

"நீங்கள் கடைசியா எப்ப காய்ச்சலோட வேலை செய்தனீங்கள்?"

பெரும்பாலும் அவர்கள் நிலத்தைப் பார்ப்பார்கள். மக்டலின் கதிரையை இழுத்துப் போடுவாள்.

"இருங்கோ. தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு கதைப்பம்."