போன வருஷத்து ரத்தம்

அம்மாவின் ஆபரேஷனுக்கு ஓ நெகட்டிவ் ரத்தம் வேண்டும் என்று, எங்கள் மயிலாப்பூர் வீட்டு போன் நம்பரைப் போட்டு ஓர் இமெயில் குழுவுக்கு எழுதினேன். அன்றே ரத்தம் கிடைத்தது, அம்மா பிழைத்தாள். என் மெயில்தான் சாகவில்லை. படித்தவர்களெல்லாம் புண்ணியம் என்று நினைத்து அதை அடுத்தவருக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். அடுத்த வருஷமும் போன் அடித்தது.

“ரத்தம் வேணுமாமே?”

“அது போன வருஷம்! தேதியப் பாக்கத் தெரியாதா? வைங்க போனை!”

சாப்பிட உட்கார்ந்தால் ஒருவர், குளிக்கப் போனால் ஒருவர். உதவ வந்த அத்தனை பேரையும் நாயை விரட்டுவதுபோல் விரட்டினேன்.

ஒரு நாள் காலை வேளச்சேரியிலிருந்து ஒருவர் பேசினார். வழக்கம்போலக் கத்தினேன். முழுசாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

“நான் குடுக்கறதுக்கு கூப்புடலம்மா. எம் பொண்ணுக்கு வேணும். அதே குரூப்பு. சாயங்காலம் ஆபரேஷன் கீது. ஆபீஸ்ல உங்க மெயிலக் காட்டுனாங்க. உங்களாண்ட எத்தினி பேர் பேசியிருப்பாங்க, ஒருத்தர் நம்பராவது குடுங்கம்மா.”

என்னிடம் ஒருவருடைய பேர்கூட இல்லை. அதைச் சொல்ல நாக்கு கூசியது. அவருடைய நம்பரையும் ஆஸ்பத்திரி விலாசத்தையும் வாங்கிக்கொண்டு போன் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். வேண்டாத நேரத்திலெல்லாம் அலறிய சனியன், அன்றைக்குப் பார்த்து வாயைத் திறக்கவில்லை.

மதியம் அடித்தது.

“பெருங்குடியிலேர்ந்து பேசறேன். ரத்தம் வேணுமாமே?”

“வேணும், உடனே கிளம்புங்க” என்றவள், பழக்கம் விடாமல் அவரையும் திட்டினேன்: “இதைக் காலையிலயே கூப்பிட்டுச் சொன்னா என்ன?”