மேடம் உயரத்துக்கு ஓர் அடுப்பு மேடை

அந்த வீட்டின் சமையலறையைப் புதுப்பிக்க மூன்று மாதம் ஆலோசனை நடந்தது. நாட்டுக்குச் சட்டம் எழுதுகிறவர்கள்கூட இத்தனை கூட்டம் போட்டிருக்க மாட்டார்கள். மேடத்தின் தங்கையைக் கேட்டார்கள். சாரோடு காலையில் நடக்கப் போகும் நண்பரைக் கேட்டார்கள். மேல் மாடி வீட்டில் புதிதாகப் போட்ட சமையலறையைப் பார்வையிட ஒரு தூதுக்குழுவே போய் வந்தது. அலமாரிக் கதவுக்குச் சாம்பல் நிறமா, பச்சை கலந்த சாம்பலா என்று இரண்டு ஞாயிற்றுக்கிழமை மண்டையை உடைத்துக்கொண்டார்கள். குழாய் எந்தப் பக்கம் வளைய வேண்டும் என்பதற்கு, விடுதியில் தங்கிப் படிக்கும் மகளுக்கும் போனில் ஒரு ஓட்டு கொடுத்தார்கள்.

கேட்காமல் விட்டது ஒருத்தியை மட்டும்தான். பதினோரு வருஷமாக அந்த அடுப்பின் முன்னால் நிற்கிறவளை.

அவளைத் தெருவில் எல்லோரும் குட்டக்கா என்று கூப்பிடுவார்கள். நாலடி எட்டு அங்குலம். கூப்பிடுகிறவர்கள் கேலிக்குத்தான் ஆரம்பித்தார்கள். அவள் சண்டைக்கு வராததால் அதுவே பெயராக நிலைத்துவிட்டது. மூன்று வீட்டில் சமையல். மற்ற இரண்டு வீட்டுச் சம்பளத்தையும் சேர்த்தால்தான் இந்த ஒரு வீட்டுச் சம்பளம் வரும்.

போன வருஷம் இரண்டாவது வீட்டில் இதே கூத்து நடந்தது. நல்லாயிருந்த மேடையை இடித்துவிட்டு, ஏதோ படத்தைப் பார்த்து உயரமாக ஒன்று போட்டார்கள். வெங்காயம் நறுக்கக்கூடத் தோளைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டியதாயிற்று. ஆறே மாதத்தில் வலது தோள் மக்கர் பண்ணியது. கை தலைக்கு மேலே போகவில்லை. ஜெராக்ஸ் கடைக்கு வேலைக்குப் போகும் மகள்தான் காலையில் அவளுக்குத் தலை வாரிவிடுகிறாள். டாக்டர் தோளை அமுக்கிப் பார்த்துவிட்டு, கையைத் தூக்கிச் செய்கிற வேலையை விட்டுவிடச் சொன்னார். அருமையான வைத்தியம். கூடவே சாப்பாட்டையும் விட்டுவிடச் சொல்லியிருந்தால் சரியாக இருந்திருக்கும்.

இன்னொரு உயர மேடை வந்தால் தோள் போய்விடும். தோள் போனால் மூன்று வீடும் போகும். இது குட்டக்காவுக்குத் தெரியும். ஆலோசனைக் குழுவுக்குத் தெரியாது.

வெள்ளிக்கிழமை, மேடையும் அலமாரியும் பொருத்தித் தரும் ஃபிட்டர் வந்தார். ஹாலின் மூலையில் ஒரு குட்டி மேசைமேல் கரண்ட் அடுப்பை வைத்து அன்றைய சமையல் நடந்துகொண்டிருந்தது. காலியாகக் கிடந்த சமையலறையில், வரைபடம் போட்டுக் கொடுத்த டிசைனர் லேசர் கருவியால் சுவர் முழுக்கச் சிவப்பு வெளிச்சம் அடித்து அளந்துகொண்டிருந்தார். ஃபிட்டருக்கு அந்த வெளிச்சத்தில் நம்பிக்கை இல்லை. அவருடைய பழக்கம் வேறு. சமைக்கிறவரைச் சுவரோரம் நிறுத்தி, கிண்டுவதுபோல் முழங்கையை மடக்கச் சொல்வார். முழங்கைக்கு ஒரு கை அகலம் கீழே பென்சிலால் கோடு போடுவார். அதுதான் மேடையின் உயரம்.

"இந்த வீட்டுல யாரு சமைக்கிறது? கொஞ்சம் வந்து நில்லுங்க" என்றார்.

மேடம் வந்து நின்றார்.

ஐந்தடி எட்டு அங்குலம். காலில் வீட்டுக்குள் போடும் தடித்த செருப்பு. பதினோரு வருஷத்தில் அவர் கரண்டி பிடித்த நாட்களை ஒரு கைவிரலில் எண்ணிவிடலாம். அதிலும் இரண்டு நாள், கரண்டி சுத்தமாக இருக்கிறதா என்று பார்க்க எடுத்தது. ஆனால் முழங்கையை மடக்கினார் பாருங்கள், ஊருக்கே சமைத்துப் போட்டவர் தோற்றுப்போவார். சார் பெருமையாகத் தலையாட்டினார். டிசைனர் படம் எடுத்துக்கொண்டார். ஃபிட்டர் கோடு போட்டார். கதவோரம் துடைப்பத்தோடு நின்றிருந்த குட்டக்காவுக்கு அந்தக் கோடு முழங்கையைத் தாண்டி விலாவுக்கு வந்தது.

எல்லோரும் ஹாலுக்குப் போனதும் அவள் ஃபிட்டரிடம் போனாள்.

"தம்பி, சமைக்கிறது நான்."

ஃபிட்டர் அவளைப் பார்த்தார். கோட்டைப் பார்த்தார். "அப்ப நான் கேட்டப்போ ஏங்கா வாயத் திறக்கல?"

"நீங்க கேட்டீங்க. அவங்க வந்துட்டாங்க. நான் என்ன, குறுக்க விழவா?"

திங்கட்கிழமை காலையில் பட்டறையில் பலகை அறுத்துவிடுவார்கள் என்றும், அதற்குள் வீட்டுக்காரர்கள் சொன்னால் மாற்றலாம் என்றும், அறுத்த பிறகு யார் சொன்னாலும் ஆகாது என்றும் ஃபிட்டர் சொன்னார்.

அன்று மத்தியானமே குட்டக்கா மேடத்திடம் பேசினாள். தோளைக் காட்டினாள். மேடம் மனம் இளகித்தான் போனார். ஆனால் மேடை இளகவில்லை. வருகிறவர்கள் பார்த்தால் லட்சணமாக இருக்க வேண்டும், தாழ்வாக இருந்தால் பழைய வீடு மாதிரி ஆகிவிடும் என்று விளக்கினார். டிசைனர் ஒரு தீர்வு வைத்திருந்தார். மேடைக்கு அடியில் இழுத்தால் வெளியே வரும் படி. கதவின் நிறத்திலேயே செய்யலாம், வேலை முடிந்ததும் உள்ளே தள்ளிவிட்டால் இருப்பதே தெரியாது.

"உனக்குன்னே தனியா செய்யறாரு பாரு" என்றார் மேடம்.

கொதிக்கிற பாத்திரத்தை இறக்கிக்கொண்டு ஒரு படியிலிருந்து பின்பக்கமாக எப்படி இறங்குவது என்று குட்டக்கா கேட்டாள். பழகிவிடும் என்று டிசைனர் சொன்னார். அவர் அந்தப் படியில் ஏறப்போவதில்லை. அதனால் நல்ல தைரியம் இருந்தது.

குட்டக்கா கையைத் துடைத்துக்கொண்டாள். குரலை உயர்த்தவில்லை.

"அம்மா, அளவு உங்களுக்குத்தான எடுத்திருக்கு? உங்களுக்குக் கச்சிதமா இருக்கும். நீங்களே சமைச்சுக்குங்க."

செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டாள்.

குட்டக்காவின் வீட்டில் மகள் தலையில் அடித்துக்கொண்டாள். "பெரிய வீட்டையே விட்டுட்டு வந்து நிக்கிறியே, அந்தப் படியில ஏறி நின்னா கொறஞ்சா போயிடுவ?"

"விழுந்தா யாருடி தூக்குவா? நீதான?" என்றாள் குட்டக்கா. அன்று இரவு அவள் தூங்கவில்லை. வீரமாகப் பேசிவிடலாம், வாடகை நாள் வரத்தான் செய்யும்.

சனிக்கிழமை வாட்ச்மேன் அந்த வீட்டுக்குச் சமையலுக்கு இரண்டு பேரை அனுப்பினார். முதல் அம்மா இரண்டு மடங்கு சம்பளம் கேட்டாள். இரண்டாவது அம்மா சம்பளத்தையே கேட்கவில்லை. காய்கறி வண்டிக்காரர் வழியாக மேடைச் சேதி ஏற்கனவே போயிருந்தது. நேராகச் சமையலறைக்குப் போய்க் கோட்டுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தாள். குட்டக்காவைவிட நாலு விரல்தான் உயரம். "வேற ஆளைப் பாருங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மேடம் சமைத்தார். கரண்ட் அடுப்பில் ஏழு பொத்தான்கள் இருந்தன. அதில் எதை அமுக்குவது என்று தங்கையிடம் போனில் கேட்டுக்கொண்டார். சோறு அடியில் கருகி, நடுவில் அரிசியாகவே இருந்தது. சார் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, மூன்று மாதத்தில் முதல்முறையாக உருப்படியான ஒரு யோசனை சொன்னார்: "அவளுக்கு என்ன உயரம் வேணுமோ போட்டுக் கொடுத்துடு."

சாயந்திரம் மேடமே போன் செய்தார். அடுப்பு இருக்கும் இடத்தை மட்டும் தாழ்த்தலாம் என்றார். நறுக்குகிற இடமும் வேண்டும் என்றாள் குட்டக்கா. அப்படியானால் காபி மெஷின் வைக்கிற மூலை மட்டும் தன் உயரத்திலேயே இருக்க வேண்டும் என்று மேடம் நிபந்தனை போட்டார். தாராளமாக இருக்கட்டும் என்று குட்டக்கா விட்டுக்கொடுத்தாள்.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு ஃபிட்டர் டேப்போடு வந்தார். மேடை ஏற்ற இறக்கமாக இருந்தால் படத்தில் நன்றாக வராது என்று டிசைனர் முனகினார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"அக்கா, செருப்பு போட்டு நிப்பீங்களா, வெறுங்காலா?"

"இந்த வீட்டுக்குள்ள எனக்கு ஏது தம்பி செருப்பு? அது வாசல்லதான் கிடக்கும்."

வெறுங்காலோடு சுவரோரம் நின்று, இல்லாத பாத்திரத்தில் இல்லாத கரண்டியை இரண்டு சுற்று சுற்றினாள். ஃபிட்டர் கோடு போட்டார். அவள் மறுபடியும் கிண்டிப் பார்த்தாள். தோள் எங்கே பிடிக்கிறது என்று நிதானமாகப் பார்த்தாள். அவசரமே படவில்லை.

"இன்னும் ஒரு விரல் கீழ போடுங்க தம்பி."

ஃபிட்டர் மேடத்தைத் திரும்பிப் பார்த்தார். நேற்றைய கருகின சோற்றுக்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் ஒழுங்காக ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை.

"போடுங்க" என்றார் மேடம்.