தகவலாளி எண் ஏழு

இன்று காலை குரங்கணியில் ஜீப்பை விட்டு இறங்கியதும் கைபேசியை எடுத்து என் வருகையைப் பதியப் பார்த்தேன். கல்லூரியின் புதிய செயலி மறுத்துவிட்டது. ‘நீங்கள் வளாகத்துக்கு வெளியே இருக்கிறீர்கள்’ என்றது. பொய் சொல்லத் தெரியாத செயலி. மாணவர்களை வளாகத்துக்கு வெளியே கூட்டிப்போகாத ஆசிரியர் விளக்கம் தர வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பியதும் இதே கல்லூரிதான். ‘களம் சார்ந்த அனுபவக் கற்றல்’ என்று அதற்குப் பெயர். போனால் வருகை இல்லை, போகாவிட்டால் விளக்கம். இதை ஒரே ஆள் யோசித்திருக்க முடியாது, குழு போட்டிருப்பார்கள்.

பிள்ளைகள் பேனரைப் பிடித்துக்கொண்டு படம் எடுத்தார்கள். இடமும் நேரமும் பதிந்த படம் இல்லையென்றால் கற்றல் நடக்கவில்லை என்று பொருள். அப்போது மேலிருந்து இறங்கிய ஜீப்பு ஒன்று எங்களை ஒட்டி நின்றது. பின்னால் பச்சை ஏலக்காய் மூட்டைகள். காய்ந்த ஏலக்காய் என்றால் பாயசம் நினைவுக்கு வரும். பச்சைக் காய்க்கு வேறு வாசனை, ஈர மண்ணும் இலைச்சாறும் கலந்தது. எனக்கு அதை முகர்ந்தால் பாண்டீஸ்வரி ஞாபகம் வரும், கூடவே கொஞ்சம் வெட்கமும்.

பல வருடங்களுக்கு முன்பு நான் போடியில் சமூகவியல் கௌரவ விரிவுரையாளர். கௌரவம் எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்த வயது. வகுப்பறைக்குள் சமூகம் கிடையாது, வெளியேதான் இருக்கிறது என்று எங்கோ படித்துவிட்டு, அதை நானே கண்டுபிடித்த மாதிரி துறைக்கூட்டத்தில் பேசினேன். எல்லோரும் தேநீர் குடித்துக்கொண்டே ஆமோதித்தார்கள். வேலை என் தலையில் விழுந்தது.

போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தில் ஆய்வு. அதற்கு நாற்பது கேள்வி கொண்ட வினாநிரல் தயாரித்தேன். தயாரித்தேன் என்றால், பட்டணத்துக் குடியிருப்பு ஒன்றுக்காக யாரோ செய்திருந்ததில் ஊர்ப்பெயரை மாற்றினேன். முதல் பக்கத்தின் உச்சியில் ஒரு வாக்குறுதி இருந்தது: ‘உங்கள் பெயர் கேட்கப்படாது. எண் மட்டுமே குறிக்கப்படும்.’ அந்த வரி எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. ஆய்வு அறம் என்று தனி வகுப்பே எடுத்தேன்.

அதே வாரம் இன்னொரு காரியமும் செய்தேன். வருகை குறைந்ததால் தேர்வு எழுத முடியாதவர்களின் பட்டியலை என் கையாலேயே எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன். எனக்குக் கையெழுத்து நன்றாக இருக்கும். முதல் பெயர் சிலமலை கிராமத்துப் பாண்டீஸ்வரி. இரண்டாம் ஆண்டு, கெட்டிக்காரி, மூன்று மாதமாக ஆளைக் காணோம். கல்யாணம் முடிவாகியிருக்கும் என்று துறையில் பேசிக்கொண்டோம். சமூகவியல் படித்தவர்கள் எல்லோருமாகச் சேர்ந்து அவ்வளவுதான் ஊகித்தோம்.

மலைக்குப் போகும் வழியில் மூன்று பேர் வாந்தி எடுத்தார்கள். தோட்டத் தொழிலாளரின் வாழ்க்கையை நேரில் பாருங்கள் என்று ஜீப்பில் நான் பேசிக்கொண்டே வந்தேன். ராசிங்காபுரத்து மாணவன் செல்வம் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னான்.

“எங்கம்மாவும் நெதம் இந்த ரோட்டுலதான் சார் ஜீப்புல போகுது. வீட்லயே கேட்டிருக்கலாமே.”

ஆய்வாளன் விலகி நின்று பார்க்க வேண்டும் என்று அவனுக்கு விளக்கினேன். விலகி நிற்பதற்கு இவ்வளவு தூரம் வரணுமா என்பதுபோல் பார்த்தான்.

தோட்டத்தில் பெண்கள் செடிகளின் தூரில் குனிந்து உட்கார்ந்து காய் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஏலக்காய் தரையை ஒட்டித்தான் காய்க்கும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். மாணவர்கள் ஆளுக்கொரு தாளோடு பரவினார்கள். பட்டணத்துக் கேள்விகள் ஒவ்வொன்றாக மலையேறின. ‘ஓய்வு நேரத்தில் பூங்காவுக்குச் செல்வதுண்டா?’ என்பது ஒன்பதாவது கேள்வி.

“பூங்காவா?” என்றார் ஓர் அக்கா. “காலையில இருந்து அங்கிட்டுத்தானப்பு உக்காந்திருக்கோம். அட்டை கடிக்குதுன்னும் எழுதிக்க.”

செல்வம் ஓடி வந்தான். முகம் ஒரு மாதிரி இருந்தது.

“சார், ஏழாம் நம்பரு நம்ம பாண்டீஸ்வரி.”

தலையில் துண்டு, மேலே அப்பாவின் பழைய முழுக்கைச் சட்டை, இடுப்பில் காய்ப் பை. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள், வகுப்பில் எழுவதுபோலவே. செல்வத்தின் தாளும் பேனாவும் அவள் கையில் இருந்தன. அவன் எழுத்துப்பிழையைப் பொறுக்க முடியாமல் வாங்கித் தானே நிரப்பியிருந்தாள்.

“கல்வித் தகுதின்னு கேட்டிருக்கீக. பி.ஏ. ரெண்டாம் வருசம்னு போட்டேன். சரிதான சார்?”

“இங்க என்னம்மா பண்ற?”

“அம்மா சரிவுல வழுக்கி விழுந்து இடுப்பு போச்சு சார். அது எழுந்து வர்ற வரைக்கும் அது பேருல நான் வர்றேன். ஆள் வராட்டி பேர வெட்டிருவாக.”

பதினாறாவது கேள்வி, ‘கல்வியைப் பாதியில் நிறுத்தியதற்குக் காரணம்.’ அதைக் காட்டினாள்.

“இதுக்கு என்ன எழுத சார்? நான் நிறுத்தலை. நீங்கதான் நிறுத்தப் போறதா போர்டுல போட்டிருக்காம்ல.”

நான் அவள் காய்ப் பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மலையாளத்தைக் கலந்து பேசும் கங்காணி அந்தப் பக்கமிருந்து, “மதி, மதி, பேசுனது போதும், சோலியப் பாருங்க” என்று குரல் கொடுத்தார். என் வாழ்க்கையில் எந்த அதிகாரியின் குறுக்கீட்டுக்கும் அவ்வளவு நன்றியோடு இருந்ததில்லை.

மறுநாள் முதல்வரிடம் போனேன். களத்தில் ஒருநாள் நின்ற எங்களுக்கு வருகை உண்டென்றால், மூன்று மாதமாகக் களத்திலேயே இருக்கிறவளுக்கு ஏன் தரக்கூடாது என்று கேட்டேன். ஆதாரம் கேட்டார். ஏழாம் தாளை நீட்டினேன்.

“பேரு எங்கய்யா?”

“பேர் கேக்கக் கூடாதுன்னு போட்டிருக்கோம் சார்.”

“ரொம்ப நல்லது. அப்ப இது யாரா வேணா இருக்கலாம். தோட்டத்துல இருந்து ஒரு கடிதம் வாங்கியாங்க, பாப்போம்.”

சனிக்கிழமை மறுபடி மலையேறினேன். தோட்ட அலுவலகப் படியில் கால் வைக்கும் முன்னால் பாண்டீஸ்வரி மூச்சு வாங்க ஓடி வந்தாள்.

“சார், உள்ள போயி நெசத்தச் சொல்லிறாதீங்க. நோட்டுல அம்மாதான் வந்திருக்கு, நான் வரலை. தெரிஞ்சா அம்மா பேரு போயிரும்.”

கல்லூரிப் பதிவேட்டில் அவள் வரவில்லை. தோட்டத்துப் பதிவேட்டிலும் அவள் வரவில்லை. வந்திருக்கிறாள் என்று சொன்ன ஒரே தாளில் பெயர் எழுதக் கூடாது என்று நான் சட்டம் போட்டிருந்தேன். படியிலிருந்து காலை எடுத்துக்கொண்டேன். பச்சை வாசனை அடித்த கையால் கும்பிட்டுவிட்டு, “வெரசா இறங்குங்க சார், பனி மூடிரும்” என்று சொல்லிவிட்டுச் செடிகளுக்குள் போனாள்.

அவள் அந்தத் தேர்வை எழுதவில்லை. திரும்பி வரவும் இல்லை. எங்கள் ஆய்வறிக்கைக்கு மட்டும் பாராட்டுச் சான்றிதழ் கிடைத்தது. ‘தகவலாளிகளின் அடையாளம் சிறப்பாகப் பாதுகாக்கப்பட்டுள்ளது’ என்று தனியாக ஒரு வரி வேறு. அதைச் சட்டம் போட்டுத் துறையில் மாட்டினார்கள். இப்போதும் தொங்குகிறது. அதன் கீழேதான் நான் உட்காருகிறேன். கடிதம் இல்லாமலே முதல்வரிடம் இன்னொரு முறை போய் நின்றிருக்கலாம். என் வேலை நிரந்தரமாகும் என்று பேச்சு அடிபட்ட நேரம் அது. போகவில்லை.

இன்று சாயங்காலம் மலையிலிருந்து இறங்கியதும் பழைய ஆவண அறையைத் திறக்கச் சொல்லித் தேடினேன். அங்கே இப்போது கணினிகள் இருக்கின்றன. தாள் கட்டுகளைப் போன முறை கல்லூரியைத் தரம் பார்க்க ஆய்வுக்குழு வருவதற்கு முன்பே பழைய பேப்பருக்குப் போட்டுவிட்டோம் என்றார் உதவியாளர். அறை சுத்தமாக இருந்ததாகக் குழு பாராட்டியதாம். அந்தக் கட்டுக்குள், அன்று நான் முதல்வரிடம் நீட்டிய ஏழாம் தாளில், பதினாறாவது கேள்விக்கு எதிரே, பிழையில்லாத கையெழுத்தில் ‘இன்னும் நிறுத்தவில்லை’ என்று எழுதியிருந்தது.