பங்காளிகள் போட்ட தோப்புக்கரணம்

ஆறாம் வகுப்பைத் தாண்டாதவன் டாக்டர்களுக்குப் பாடம் நடத்தியிருக்கிறானா? நான் நடத்தியிருக்கிறேன். ஓசூரில், ஏசி போட்ட கூடத்தில், கையில் மைக்கைக் கொடுத்து நடத்தச் சொன்னார்கள். பெங்களூரிலிருந்து ஒரு பெரிய இருதய டாக்டர் வந்து, நம் பக்கத்துக் குடும்ப டாக்டர்களை உட்காரவைத்து, பரம்பரையாக வருகிற நெஞ்சு நோயை எப்படிக் கண்டுபிடிப்பது என்று சொல்லிக்கொடுக்கிற கூட்டம் அது. சளிக்கும் காய்ச்சலுக்கும் மருந்து எழுதுகிற டாக்டரைத்தான் ஜனங்கள் முதலில் பார்க்கிறார்கள், அவருக்குச் சந்தேகம் தட்டினால்தான் நோயாளி தன்னிடம் உயிரோடு வந்து சேருவான் என்றார் அவர். உடனே, என்னை அங்கே கூட்டிப்போயிருந்த எங்கள் குடும்ப டாக்டரம்மா எழுந்து, "சார், இவங்க ஊர்ல அந்தக் காலத்திலேயே ஒரு டாக்டர் மெஷினே இல்லாம இதப் பண்ணியிருக்காரு. நீங்களே சொல்லுங்க ஐயா" என்று என்னைக் கிளப்பிவிட்டார்.

கிளப்பிவிட்டால் நான் நிற்க மாட்டேன். தொழிற்பேட்டையில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். ஒரு பழைய லேத்தை வாடகைக்கு எடுத்துத் தொழில் தொடங்கியவன் நான். இன்று என் ஷெட்டில் கம்ப்யூட்டர் வைத்த மெஷின்கள் வரிசையாக நிற்கின்றன. அது தனிக் கதை. அதையும் சொல்வேன், கேட்கிறவர்கள்தான் ஏதாவது வேலை இருப்பதாகச் சொல்லி எழுந்துபோய்விடுகிறார்கள்.

தொரப்பள்ளிப் பக்கம் எங்கள் ஊர். எனக்கு அப்போது ஒன்பது பத்து வயதிருக்கும். புதிது புதிதாகக் கம்பெனிகள் வந்துகொண்டிருந்த காலம். அவற்றுக்கெல்லாம் கடைக்கால் தோண்டியது எங்கள் அப்பாவும் சித்தப்பாவும்தான். தோண்டியவன் மகன் இன்று அதே கம்பெனிகளுக்கு உதிரி பாகம் செய்து அனுப்புகிறான் என்பதை இங்கே சொல்லாமல் வேறெங்கே சொல்வது?

சித்தப்பாவைப் போல ஓடுகிறவன் சுற்றுவட்டாரத்தில் இல்லை. எருது விடும் விழாவில், சீறிக்கொண்டு வருகிற எருதோடு கூடவே ஓடி, அதன் கொம்பில் கட்டியிருக்கும் பரிசை அவிழ்த்துக்கொண்டு வருவார். ஒரு வருஷம் அப்படி அவிழ்த்துக் கையைத் தூக்கிக் காட்டிச் சிரித்தவர், சிரித்தபடியே மண்ணில் விழுந்தார். எழுந்திருக்கவில்லை. எருது அவரைத் தொடவேயில்லை. முனி அடித்துவிட்டது என்றார்கள். அவருடைய அப்பா, அதாவது எங்கள் தாத்தாவும், கிணற்றில் மாடு பூட்டிக் கவலை ஓட்டித் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தபோது இதே மாதிரி விழுந்தவர்தான். முனிக்கு எங்கள் குடும்பத்தின்மேல் ஒரு கண் என்று நானே பள்ளிக்கூடத்தில் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

முனியை நம்பாத ஒரே ஆள் எங்கள் ஊருக்கு ஸ்கூட்டரில் வந்துபோகிற டாக்டர். அத்திப்பள்ளிக்கு அந்தப் பக்கத்துக்காரர். தமிழ் பேசுவார், எண்ணுவதும் திட்டுவதும் மட்டும் கன்னடத்தில். விழுவதற்குச் சில நாள் முன்னால் சித்தப்பா தலைசுற்றல் என்று அவரிடம் போயிருந்தார். டாக்டர் சத்து ஊசி போட்டு அனுப்பியிருந்தார். சித்தப்பா போனபிறகு அந்த ஊசி டாக்டரை உறங்கவிடவில்லை போலிருக்கிறது. பஸ் ஏறி பெங்களூருக்குப் போய், பெரிய ஆஸ்பத்திரியில் இருந்த ஒரு இருதய டாக்டரைப் பிடித்து, இது என்ன, எப்படி நான் தவறவிட்டேன் என்று கேட்டிருக்கிறார். அவர் சொல்லிக்கொடுத்தது இதுதான்: நெஞ்சுச் சதை தடித்துப்போகிற நோய் ஒன்று ரத்த வழியில் வரும். ஆளைக் குத்துக்காலிட்டு உட்காரவைத்து எழுப்பு. எழுந்த உடனே நெஞ்சில் குழாயை வை. எழுந்ததும் இரைச்சல் கூடினால் சந்தேகப்படு. அந்த வீட்டு ரத்தம் அத்தனையையும் பார்த்துவிடு.

டாக்டர் நேராகப் பெரியப்பாவிடம் வந்தார். எங்கள் பங்காளிகளில் மூத்தவர் பெரியப்பா. அவர் சொன்னால்தான் எதுவும் நடக்கும். நான் அப்போது பக்கத்தில் ஆட்டுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்தேன்.

"டாக்டரே, நீங்க நல்லவரு. ஆனா இந்த வம்சத்துக்கே நெஞ்சுல கோளாறுன்னு வெளிய கிளம்புச்சுன்னா, வூட்டுல நிக்கிற பொண்ணுங்கள எவன் வந்து கட்டுவான்?"

"இன்னொருத்தன் வுழுந்தா யாரு ஜவாப்பு? நீயா, முனியா?"

பெரியப்பா வெற்றிலையைத் துப்பினார். பிறகு சொன்னார்: "வர மாசம் குலசாமிக்குப் பொங்கல் வெக்கறோம். பங்காளி ஒருத்தன் பாக்கியில்லாம வருவான். நீங்களும் சாப்புட வாங்க. குழாய எடுத்துக்கினு வாங்க. மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

குலசாமி கோயிலில் முதல் பூசை பிள்ளையாருக்கு. அன்று கற்பூரம் காட்டியதும் பெரியப்பா எல்லோருக்கும் கேட்கும்படி அறிவித்தார். போன வருஷம் பிள்ளையாருக்கு ஏதோ குறை வைத்துவிட்டோம், அதனால்தான் தம்பி போய்விட்டான், இந்த வருஷம் பங்காளிகள் ஒவ்வொருவரும் தோப்புக்கரணம் போட்டாக வேண்டும். "வயசானவங்க போட்டுட்டு மயக்கம் போட்டு வுழுந்துடக் கூடாது பாரு, அதுக்குத்தான் டாக்டரு. போட்டதும் நெஞ்சக் காட்டிட்டுப் போவணும்." பெரியப்பாவைப் போலக் கோயிலில் நின்று பொய் சொல்லும் தைரியம் யாருக்கு வரும்? எனக்கு வரும். அவர் ரத்தம்தானே.

புளியமரத்தடியில் ஸ்டூல் போட்டு டாக்டர் உட்கார்ந்தார். கல்யாணமாகாத பெண்களைப் பெரியப்பா முதலிலேயே மரத்துக்கு அந்தப் பக்கம் அழைத்துப்போய், பெரியம்மாவைத் துணைக்கு வைத்துப் பார்க்கச்செய்துவிட்டார். அப்புறம் ஆண்கள் வரிசை. "ஒந்து, எரடு, மூரு" என்று டாக்டர் எண்ண, தொந்தி பெருத்த பங்காளிகள் காதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து எழுந்தார்கள்.

"அண்ணே, உக்காந்தது போதும், எழுந்திரு. பொங்கலே பொங்கிடுச்சு."

"கம்முனு இருடா. இறங்கத்தான் தெரியுது, ஏறத் தெரியல."

நான் அதைப் போட்டி என்று நினைத்தேன். எவன் அதிகம் போடுகிறானோ அவனுக்கு ஏதோ கிடைக்கப்போகிறது. டாக்டர் நிறுத்தச் சொல்லியும் நிறுத்தாமல் போட்டேன். அன்றைக்கு அங்கே என்னை அடித்துக்கொள்ள ஆளில்லை. டாக்டர் என் தோளைப் பிடித்து நிறுத்திக் குழாயை வைத்தார், எடுத்தார். "உனக்கு ஒண்ணுமில்ல, போ" என்றார்.

ஒன்றுமில்லையா! எனக்கா?

எனக்கு அடுத்து அண்ணன். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவன், சித்தப்பாவின் இடத்தில் அடுத்த வருஷம் எருதோடு ஓடுவதற்காக விடியற்காலையில் பழகிக்கொண்டிருந்தவன். அவன் கடனுக்கு நாலு தடவை உட்கார்ந்து எழுந்தான். டாக்டர் குழாயை வைத்தார். எடுக்கவில்லை. எண்ணுவதையும் நிறுத்திவிட்டார். மறுபடி உட்காரச் சொன்னார், எழச் சொன்னார், மூச்சை அடக்கச் சொன்னார், பக்கவாட்டில் படுக்கவைத்துக் கேட்டார். வரிசையே அவனைப் பார்த்துக்கொண்டு நின்றது. நாலே நாலு போட்டவனுக்கு இவ்வளவு மரியாதை! என் வயிறு எரிந்தது. கோயிலைச் சுற்றி மூச்சிரைக்க ஓடிவந்து வரிசையில் மறுபடியும் நுழைந்தேன். இப்போது என் நெஞ்சிலும் திமுதிமுவென்று இரைச்சல் இருந்தது. டாக்டர் என் முகத்தைப் பார்த்து, "நீனு ஆகலே பந்தே, ஹோகு" என்று, முன்னமே வந்தவன்தானே போ என்று, கன்னடத்தில் விரட்டினார்.

அன்று மாலையே தீர்ப்பாகிவிட்டது. அண்ணன் எருதோடு ஓடக் கூடாது, மூட்டை தூக்கக் கூடாது, தினமும் மாத்திரை போட வேண்டும். பெங்களூர் டாக்டரையும் போய்ப் பார்க்க வேண்டும். அண்ணன் காலில் பட்ட கல்லையெல்லாம் எட்டி உதைத்தான்.

"பொட்டப் புள்ள மாதிரி வூட்டுல குந்தச் சொல்றீங்களா?"

"குந்துடா" என்றார் பெரியப்பா. "உசுரோட குந்து."

குந்தினான். இன்றைக்கும் உயிரோடு என் கம்பெனி ஸ்டோரில் குந்தி, நட்டு போல்ட்டு வாங்க வருகிறவர்களையெல்லாம் திட்டிக்கொண்டிருக்கிறான். அவன் மாத்திரை வாங்கப் போகும்போது பேசிப் பேசித்தான் எங்கள் டாக்டரம்மாவுக்கு இந்தக் கதையே தெரிந்தது. கூடத்தில் நான் இதுவரைதான் சொன்னேன். தோப்புக்கரணத்துக்கு டாக்டர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள், அண்ணன் பிழைத்ததற்குக் கைதட்டினார்கள். பெரிய டாக்டர் என் கையைப் பிடித்துக் குலுக்கியதைப் போட்டோ எடுத்து ஆபீஸில் மாட்டியிருக்கிறேன்.

மிச்சத்தை இங்கே சொல்கிறேன்.

அந்த ஆண்கள் வரிசை முடியப்போகிற நேரத்தில், அதன் வாலில் அத்தை வந்து நின்றாள். அப்பாவின் கூடப்பிறந்த தங்கை. பாரூரில் கட்டிக்கொடுத்திருந்தது. பொங்கலுக்கு விருந்தாளியாக வந்தவள், அடுப்பு வேலையை விட்டுவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றாள். பார்த்ததும் கூட்டம் சிரித்துவிட்டது. கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் புருஷன் வீட்டுச் சாமிதான் சாமி. பிறந்த வீட்டுக் குலசாமிக்கு அவள் வேற்றாள்.

"ஏம்மா, நீ எங்க வந்து நிக்கற? உங்க சாமி பாரூர்ல இல்ல இருக்குது?"

"ரெண்டு வூட்டுச் சாமிக்கும் காதப் புடிச்சா மாமனுக்குக் கோவம் வரும் தாயி!"

"இல்லண்ணே, சும்மா... நானும் போட்டுப் பாக்கலாம்னு" என்று அத்தையும் சேர்ந்து சிரித்தாள்.

டாக்டர் நிமிர்ந்து, யார் என்று கேட்டார். "தங்கச்சிதான் டாக்டரே. குடுத்தாச்சு. அவங்க வேற பங்காளி" என்றார் பெரியப்பா. அவர் அதில் ஒளிவு மறைவு எதுவும் வைக்கவில்லை. வீட்டில் நிற்கிற பெண்களைக்கூடக் காட்டியவர் அவர். பெங்களூர் டாக்டர் கேட்டது ரத்தத்தை, பெரியப்பா கணக்குப் போட்டது சாமியை. இரண்டும் ஒன்றுதான் என்று அன்று அங்கிருந்த எல்லோரும் நினைத்தோம். டாக்டரும் காலையிலிருந்து குனிந்து குனிந்து களைத்திருந்தார். தலையை ஆட்டிவிட்டுக் குழாயைச் சுருட்டிப் பையில் வைத்தார்.

அத்தை அதற்குப் பிறகு இரண்டு கரும்பு வெட்டுக் காலம்தான் உயிரோடு இருந்தாள். தலையில் கரும்புக் கட்டோடு வரப்பேறியவள் வரப்பிலேயே சாய்ந்தாள் என்று பாரூரிலிருந்து ஆள் வந்தது. எங்கள் டாக்டரம்மா இப்போது யார் மயக்கம் என்று வந்தாலும், கட்டிக்கொடுத்த பெண்கள் எங்கே எங்கே இருக்கிறார்கள் என்றுதான் முதலில் கேட்கிறார். அத்தையின் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் என் சொந்தச் செலவில் வேன் வைத்து அழைத்துவந்து, ஆஸ்பத்திரி மெஷினில் படுக்கவைத்துப் பார்த்தாகிவிட்டது. அவர்களில் ஒருத்திக்கு மாத்திரை ஓடுகிறது. இதற்கு நான் போட்டோ எதுவும் மாட்டவில்லை.

அன்று வரிசை கலைந்ததும் நான் அழாத குறையாக அத்தையிடம் போனேன். பூசணிக்காய் அரிந்துகொண்டிருந்தாள்.

"அத்தே, அந்த டாக்டரு எனக்கு ஒண்ணுமே இல்லன்னு சொல்லிட்டாரு. அண்ணனுக்கு மட்டும் என்னமோ இருக்குதாம்."

"இல்லன்னா நல்லதுதான்டா, என் ராசா."

"என்னா நல்லது? அவன் நாலுதான் போட்டான்."

அத்தை அரிவாள்மனையை மடக்கிவைத்தாள். ஈரக் கையை முந்தானையில் துடைத்துவிட்டு, என் உள்ளங்கையை எடுத்துத் தன் இடப்பக்க நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டாள். "இங்க பாரு, எனக்கு எப்பிடிக் குதிக்குதுன்னு. மேடு ஏறுனா இன்னும் குதிக்குது."

கைக்குள் பிடித்த கோழிக்குஞ்சு உதறுகிற மாதிரி இருந்தது. ஒரு தடவை தட்டுகிற இடத்தில் இரண்டு தடவை தட்டியது. நான் வாயைப் பிளந்துகொண்டு கையை எடுக்காமல் நின்றேன். எனக்கு அப்படி ஒன்று இல்லையே என்று பொறாமையாக இருந்தது. டாக்டர் எங்களுக்கு நேர் எதிரே, கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில், கை கழுவிவிட்டு இலைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டிருந்தார். நான் கூப்பிடவில்லை. கூப்பிடுகிற விஷயம் அது என்று தோன்றவில்லை. அண்ணனைவிட அத்தைதான் ஜெயித்தாள், அதை யாருமே பார்க்கவில்லையே என்று மட்டும்தான் எனக்கு வருத்தம்.