கண்ணை மூடும் பிள்ளைகளைப் பிரித்தவர்

கரம்பொனில் நான் படிப்பித்த பாடசாலைக்கு ஓர் உடற்பயிற்சி ஆசிரியை வந்திருந்தார். ஒல்லியான உயரம், வெயிலில் கறுத்த முகம், சேலைக்குக் கீழே வெள்ளைக் கன்வஸ் சப்பாத்து. மட்டையால் அடித்து ஓடும் எல்லே விளையாட்டுக்கு முன், ஒவ்வொரு பிள்ளைக்கும் மெதுவாகப் பந்தை எறிந்து பார்ப்பார். பந்து வரும்போது கண்ணை மூடுகிறவர்களைத் தனியாகப் பிரித்து, துணிப்பந்தோடு விளையாட விடுவார்.

ஒருமுறை விருந்தினர் பார்க்க எல்லோரையும் ஒன்றாக மைதானத்தில் இறக்கச் சொன்னார் பாடசாலை அதிபர்.

"பெரிய பெட்டையள் அடிக்கிற பந்தைச் சின்னனுகளாலை பிடிக்க ஏலாது, சேர். முகத்திலை படும்."

"விளையாட்டுத்தானே. நான் சொல்லுறதைச் செய்யும்."

அன்று பந்து ஓர் ஆறாம் வகுப்புப் பிள்ளையின் கண்ணில் பட்டது. அந்தக் கண்ணுக்குப் பார்வை திரும்பவேயில்லை. பெற்றோர் கூட்டத்தில், ஆசிரியையின் கவனக்குறைவுதான் காரணம் என்றார் அதிபர். உண்மையைச் சொல்ல எழுந்த என்னை ஆசிரியை கையைப் பிடித்து இருத்திவிட்டார்.

வெளியே வந்ததும், "ஏன் என்னை மறிச்சனீர்?" என்று கேட்டேன்.

"ஏலாதெண்டு சொல்லிப்போட்டு, ஆட்டத்தைத் தொடங்க நான்தானே அக்கா விசிலை ஊதினனான்?"

விரைவில் அவரை இடம்மாற்றினார்கள். பின்னர் அதிபர் ஓய்வுபெற்றபோது, பிரியாவிடையில் அதிபருடைய விளையாட்டு ஆர்வத்தைப் புகழ்ந்தார்கள். அந்த ஆசிரியையின் நேர்மை யாருக்குப் பயன்பட்டது என்று நினைத்தால் இன்றும் எனக்குக் கசக்கிறது.